“ஒண்ணுமில்ல” என்று நழுவாமல் மனதில் இருப்பதைச் சொல்வது: முழுமையான வழிகாட்டி

நெருங்கியவர் ஒருவரிடம் “என்னால முடியலை”, “எனக்குப் பயமா இருக்கு”, “நீ விலகிப் போனது வலிக்குது” என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னால் இளக்காரமாகிவிடுவோமோ, அவர் முகம் மாறிவிடுமோ என்று மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது. அந்தப் பேச்சை எடுப்பது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். கணவன் மனைவிக்குள், பெற்றோரிடம், உடன்பிறந்தவர்களிடம், நெருங்கிய நண்பரிடம் பேச இது பொருந்தும். காதலைச் சொல்ல இது உதவாது. அங்கே எதிரில் இருப்பவர் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும்; இங்கே அவர் காது கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

பயம் போகட்டும், பிறகு பேசலாம் என்று காத்திருப்பவர்கள் கடைசிவரை பேசுவதில்லை. பயம் கூடவேதான் வரும். சொல்லும் விஷயத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாம், கேட்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். இந்த இரண்டும்தான் நம் கையில் இருப்பவை. படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். புதிதாக முயல்பவர்கள் நேரே 6-ஆம் படியில் குதித்து, 8-ஆம் படியில் அடிபட்டு, “சொல்லியே இருக்கக் கூடாது” என்று திரும்பிவிடுகிறார்கள்.

படிகளை விளக்க ஒரு நிலைமையை வைத்துக்கொள்வோம். சென்னையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு அலுவலக நெருக்கடியால் தூக்கம் கெட்டுவிட்டது. ஞாயிறு மாலையானாலே வயிறு கலங்குகிறது. ஊரில் இருக்கும் அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டும்.

தொடங்கும் முன்

ஒரு தாளும் பேனாவும், எழுத 15 நிமிடம், பேச இடையூறில்லாத அரை மணி நேரம். இவற்றோடு, முதல் ஆள் சரிவராவிட்டால் போய்ப் பேச இரண்டாவதாக ஒருவர் பெயரும் வேண்டும். இந்த இரண்டாவது பெயரைப் பலர் யோசிப்பதே இல்லை. ஒரே ஒருவரிடம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு போனால் அவருடைய ஒரு கொட்டாவிகூட நிராகரிப்பாகத் தெரியும்.

மூன்று இடங்களில் இந்த முறை வேண்டாம். உங்களை அடிக்கிற, மிரட்டுகிற ஆளிடம் மனதைத் திறப்பது அவர் கையில் ஆயுதம் கொடுப்பது. பெண்களுக்கு இந்தியாவில் 181 உதவி எண் இருக்கிறது. உங்கள் சம்பள உயர்வைத் தீர்மானிக்கும் மேலாளரிடம் வேலை தொடர்பான கோரிக்கையை மட்டும் வையுங்கள். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வருகிறது என்றால் படிப்படியாகப் போக நேரமில்லை. இந்தியாவில் 14416 (டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்), இலங்கையில் 1926 என்ற எண். முதலில் அங்கே பேசுங்கள்.

1. எந்தப் பயம் என்று பிரித்துப் பாருங்கள்

“சொன்னா என்ன ஆகுமோ” என்ற பயத்துக்குள் பெரும்பாலும் மூன்று பயங்கள் கலந்து கிடக்கும். என்னைப் பலவீனமானவனாக நினைப்பார், விஷயம் நாலு பேருக்குப் போய்விடும், உறவே விட்டுப்போகும். மூன்றுக்கும் மருந்து வேறு. முதலாவதற்கு, சொல்லும் விதத்தைச் சரிசெய்ய வேண்டும். இரண்டாவதற்கு, ஆளை மாற்ற வேண்டும். மூன்றாவதற்கு, சிறிதாகச் சொல்லிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். பிரிக்காமல் விட்டால் எதைச் சரிசெய்வது என்றே தெரியாது.

முதல் பயத்தைப் பற்றி ஒரு தகவல் கைவசம் இருப்பது நல்லது. ஜெர்மனியின் மன்ஹைம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வுகளில், தவறை ஒப்புக்கொள்வது, உதவி கேட்பது போன்றவற்றைத் தாங்கள் செய்வதாக நினைத்தவர்கள் அதைப் பலவீனமாகவே பார்த்தார்கள். அதையே இன்னொருவர் செய்தபோது நல்லவிதமாக மதிப்பிட்டார்கள். உங்கள் மனதில் ஓடும் காட்சியைவிட எதிரில் இருப்பவர் பார்க்கும் காட்சி பெரும்பாலும் மென்மையானது.

2. எழுதி, மூன்று வரியாகச் சுருக்குங்கள்

முதலில் 15 நிமிடம் நிறுத்தாமல் எழுதுங்கள். பிழை, கோபம், கெட்ட வார்த்தை எதையும் பார்க்க வேண்டாம். எழுதி முடித்ததும் மனம் லேசாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். உணர்ச்சிகளை எழுதவைத்து 1986-இல் ஆய்வு செய்த ஜேம்ஸ் பென்னபேக்கரும் எழுதிய கையோடு மனநிலை தாழ்வதைத்தான் பார்த்தார். பலன் பின்னால்தான் தெரிந்தது. ஆகவே எழுதிய அன்றே போய்ப் பேசாதீர்கள்.

மறுநாள் அந்தத் தாளிலிருந்து மூன்று வரிகளை எடுங்கள்: என்ன நடக்கிறது, எனக்கு எப்படி இருக்கிறது, இவரிடமிருந்து எனக்கு என்ன வேண்டும். நம் உதாரணத்தில் இப்படி வரும்:

“ரெண்டு மாசமா ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது, அதுக்கப்புறம் தூக்கம் இல்ல. வேலைக்குப் போகவே பயமா இருக்கு, அதை வெளிய சொல்ல வெட்கமாவும் இருக்கு. வாரத்துக்கு ஒரு தடவை உன்கிட்ட போன்ல பேசணும் போல இருக்கு.”

இரண்டாவது வரியில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். “நீ என்னை மதிக்கலைன்னு ஃபீல் பண்றேன்” என்பதில் உணர்வு எதுவும் இல்லை. அது குற்றச்சாட்டு, கேட்பவர் உடனே வாதாடத் தொடங்குவார். அதே வரியை “நீ போன் எடுக்காதப்ப, எனக்கு ஆளே இல்லாத மாதிரி இருந்துச்சு” என்று மாற்றினால் வாதாட எதுவும் இருக்காது. உங்களுக்கு அப்படி இருந்தது, அவ்வளவுதான்.

“ஒரு மாதிரியா இருக்கு”, “மூட் சரியில்ல” ஆகியவையும் வேண்டாம். கேட்பவர் அந்த வெற்றிடத்தைத் தன் ஊகத்தால் நிரப்பிவிடுவார். பயம், வெட்கம், ஏமாற்றம், தனிமை, பொறாமை, குற்ற உணர்வு என்று ஏதாவது ஒன்றைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.

மூன்றாவது வரி எழுத வரவில்லை என்றால் இன்னும் பேசத் தயாராகவில்லை என்று அர்த்தம். இரண்டு நாள் கழித்து மறுபடி எழுதிப் பாருங்கள்.

3. ஆளைத் தேர்ந்தெடுங்கள்

யாருடைய ஆறுதலுக்காக ஏங்குகிறோமோ அவரிடமே முதலில் போவது பொதுவான தவறு. அவரிடம் தோற்றால் இழப்பு பெரிது. முதல் தடவை, ஓரளவு நெருக்கமும் நிதானமும் உள்ள ஒருவரிடம் போங்கள். பல வீடுகளில் அது அப்பா அம்மாவாக இருக்காது. அக்கா, சித்தப்பா, அத்தை மகன், பழைய அறைத்தோழன் என்று யாராவது இருப்பார்.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அடுத்தவர் கஷ்டத்தைப் பற்றி அவர் உங்களிடம் எப்படிப் பேசுகிறார்? “அவனுக்கு டிப்ரஷனாம், எல்லாம் வசதி வந்த திமிர்” என்பவரிடம் உங்கள் கதை வேறு மாதிரி இறங்காது. இரண்டு, அடுத்தவர் ரகசியத்தை உங்களிடம் கொண்டுவருபவரா? அப்படியானால் உங்களுடையதும் அதே வண்டியில் ஏறும்.

குடும்பத்துக்குள் ரகசியம் என்பது வேறு கணக்கு. “யார்கிட்டயும் சொல்லாதே” என்று பொதுவாகச் சொன்னால் வேலைக்காகாது. கணவரும் அம்மாவும் “யார்” பட்டியலில் சேருவதாக அக்கா நினைக்கவே மாட்டார். பெயர் சொல்லிக் கேளுங்கள்: “மாமாகிட்ட சொல்லிக்கோக்கா, பரவாயில்ல. அம்மாகிட்ட மட்டும் இப்ப வேண்டாம், நானே சொல்லிக்கிறேன்.”

4. சின்னதாக ஒன்றைச் சொல்லிப் பாருங்கள்

சொல்ல வேண்டியவற்றை 1 முதல் 10 வரை கனம் போட்டு வரிசைப்படுத்துங்கள். 10 என்பது சொன்னால் உடைந்துபோவீர்கள் என்ற விஷயம். முதல் தடவை 3 அளவில் ஒன்றைச் சொல்லுங்கள். “இந்த வாரம் ஆபீஸ்ல ஒரு மீட்டிங்ல வாயே வரலைக்கா, ரொம்ப அவமானமா போச்சு.” அவ்வளவு போதும்.

பிறகு என்ன நடக்கிறது என்று ஒரு வாரம் பாருங்கள். அடுத்த போனில் அவராக “அந்த மீட்டிங் விஷயம் என்னாச்சு?” என்று கேட்டால் 5-க்குப் போகலாம். மறந்துவிட்டிருந்தால் அதுவே மோசமில்லை. இன்னொரு 3 சொல்லிப் பாருங்கள். அதை நாலு பேர் முன்னால் கிண்டலாக எடுத்துவிட்டால், இழப்பு 3 அளவோடு முடிந்தது. இரண்டாவது பெயருக்குப் போய்விடுங்கள்.

படிப்படியாக ஏறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஆரன் 1997-இல் வெளியிட்ட சோதனையில், அறிமுகமில்லாத இருவர் 36 கேள்விகளை மாறி மாறிக் கேட்டுக்கொண்டார்கள். கேள்விகள் மேலோட்டமாகத் தொடங்கி ஆழமாகிக்கொண்டே போயின. 45 நிமிடத்தில், சாதாரண அரட்டை அடித்த ஜோடிகளைவிட நெருக்கம் அதிகமாக இருந்தது. இருவரும் சேர்ந்து மெல்ல இறங்கியதுதான் அங்கே விஷயம். ஒருவர் மட்டும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினால் மற்றவர் மூச்சுத் திணறுவார். திணறுபவரின் முகத்தைப் பார்த்து “வெறுக்கிறார்” என்று நாம் படித்துக்கொள்கிறோம்.

5. நேரம், இடம், முன்னறிவிப்பு

நேருக்கு நேர் உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். பயம் உள்ளவர்களுக்கு அது கடினம். பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு பேசுங்கள்: மொட்டை மாடியில் நடந்தபடி, காரில் போகும்போது, கீரை ஆய்ந்துகொண்டே. கைக்கு வேலை இருந்தால் இடையில் வரும் மௌனம் உறுத்தாது.

வேலைக்குக் கிளம்பும் நேரம், சீரியல் ஓடும் நேரம், கல்யாண வீடு, குழந்தைகள் முன்னால், சண்டை நடந்துகொண்டிருக்கும்போது, குடித்திருக்கும்போது, இவையெல்லாம் வேண்டாம். நள்ளிரவும் வேண்டாம். இரவில் சொல்வது எளிதாக இருக்கும். ஆனால் கேட்பவர் தூக்கக் கலக்கத்தில் இருப்பார், அரைகுறைப் பதிலை நீங்கள் விடியவிடிய அசைபோடுவீர்கள்.

விஷயத்தை வாட்ஸ்அப்பில் டைப் செய்து அனுப்பாதீர்கள். இரண்டு நீல டிக் விழுந்து பதில் வராத 40 நிமிடம், நேரில் கேட்கும் எந்த வார்த்தையையும்விடக் கொடுமையானது. வாட்ஸ்அப்பை நேரம் கேட்க மட்டும் பயன்படுத்துங்கள். அதிலும் “உன்கிட்ட ஒண்ணு பேசணும்” என்று மொட்டையாக அனுப்பினால் எதிராளிக்குப் பகீர் என்றிருக்கும். அளவையும் சேர்த்து எழுதுங்கள்: “அக்கா, என்னைப் பத்தி ஒரு விஷயம் உன்கிட்ட பேசணும். பயப்பட ஒண்ணுமில்ல, அவசரமும் இல்ல. ஞாயித்துக்கிழமை மதியம் அரை மணி நேரம் கிடைக்குமா?”

6. முதல் வாக்கியத்தில் என்ன வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நம் வீடுகளில் ஒருவர் கஷ்டத்தைச் சொன்னால் கேட்பவர் அதைத் தீர்த்தாக வேண்டும் என்பது எழுதாத விதி. அவருக்குத் தீர்வு தெரியாவிட்டால் பதறுவார், பதற்றம் எரிச்சலாகும், எரிச்சல் உங்கள்மேல் விழும். தீர்க்க வேண்டியதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

கேட்கக் கூடியவை மூன்று. கேட்டால் போதும்; யோசனை வேண்டும்; ஒரு காரியம் செய்து தர வேண்டும். ஒரு பேச்சுக்கு ஒன்றை மட்டும் எடுங்கள்.

அக்காவிடம்: “இதுக்கு நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்க்கா. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டா போதும்.”

கணவரிடம்: “என்னங்க, இதுக்கு இப்பவே வழி சொல்ல வேண்டாம். பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க, போதும்.”

நண்பனிடம்: “மச்சான், இதுல உன் யோசனை வேணும்டா. ஆனா முழுசா கேட்டுட்டுச் சொல்லு.”

அதற்கு அடுத்த வாக்கியம் பயத்தைப் பற்றியே இருக்கலாம்: “இதைச் சொல்றதுக்கே ரொம்ப நாளா பயந்துக்கிட்டு இருந்தேன்.” குரல் நடுங்கினால் ஏன் நடுங்குகிறது என்று கேட்பவருக்கு விளங்கிவிடும், நடுக்கத்தை மறைக்கும் வேலை உங்களுக்கு மிச்சம்.

கெடுக்கும் தொடக்கங்கள்: “தப்பா நினைக்கக் கூடாது” (எதைத் தப்பாக நினைப்பது என்று தேடத் தொடங்குவார்), “என் ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு…” (நண்பனுக்கான பதில்தான் கிடைக்கும், அது கறாராக இருக்கும்), சிரித்துக்கொண்டே சொல்வது (அவரும் சிரிப்பார், நீங்கள் புண்படுவீர்கள்).

7. மூன்று வரியோடு நிறுத்துங்கள்

எழுதிய மூன்று வரியைச் சொன்னதும் வாயை மூடுங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பதில் உடனே வராதபோது, “சரி விடுக்கா, ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன்” என்று பலரும் தாங்களே அழித்துவிடுகிறார்கள். அந்தப் பத்து விநாடியில் எதிராளி யோசித்துக்கொண்டிருந்தார்.

அழுகை வந்தால் வரட்டும். “அழுதுட்டுப் பேசறேன், இரு” என்று சொன்னால் போதும். நெஞ்சு படபடத்து வார்த்தை குழம்பினால் இடைவேளை எடுங்கள். தம்பதிகளின் பேச்சை நெடுங்காலம் ஆராய்ந்த ஜான் காட்மன், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் காதில் எதுவும் ஏறாது என்றும், உடல் அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்றும் சொல்கிறார். எழுந்து போகும்போது திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்: “டீ போட்டுட்டு வந்து பேசறேன்.” சொல்லாமல் எழுந்து போனால் கோபித்துக்கொண்டு போனதாக ஆகிவிடும்.

8. பதிலைச் சரியாகப் படியுங்கள்

முதல் பதில் பெரும்பாலும் சுமாராகத்தான் இருக்கும். நீங்கள் பல நாள் யோசித்ததை அவர் இப்போதுதான் கேட்கிறார். நிராகரிப்பு போலத் தோன்றும் ஆறு பதில்களும் கையாளும் விதமும்:

அறிவுரை. “வேற வேலை தேடு”, “ஜாதகத்தைப் பார்த்துடலாம்”, “காலையில எந்திரிச்சு வாக்கிங் போ.” இது பதற்றத்தின் வேறு உருவம். “அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்க்கா. இப்ப கொஞ்சம் கேளேன்” என்று ஒருமுறை நினைவூட்டினால் பெரும்பாலானவர்கள் அடங்கிவிடுவார்கள்.

ஒப்பீடு. “நாங்க படாத கஷ்டமா?” இதைக் கேட்டதும் கொதிக்கும். ஆனால் எதிர்வாதம் செய்தால் யார் அதிகம் பட்டார்கள் என்ற போட்டியாகிவிடும். “நீ பட்டதெல்லாம் தெரியும்க்கா. அதனாலதான் உன்கிட்ட சொல்றேன்.” இந்த ஒரு வரி பல வீடுகளில் பேச்சைத் திருப்பிவிடும்.

கிண்டல். ஆண் நண்பர்களிடையே இது அனிச்சையாக வரும். “டேய், சீரியஸா சொல்றேன்டா” என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். அதற்குப் பிறகும் கிண்டல் தொடர்ந்தால் ஆள் தேர்வு தவறு, பேச்சை மாற்றிவிடுங்கள்.

மௌனம். அப்பாக்களிடம் அதிகம். வார்த்தையில் பதில் தேடாதீர்கள். அடுத்த இரண்டு மூன்று நாள் அவர் செய்வதைப் பாருங்கள். வழக்கமாக அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுபவர் தானே கூப்பிட்டு “சாப்பிட்டியா?” என்று கேட்டால், பதில் வந்துவிட்டது.

பதறி அழுவது. அம்மாக்களிடம் அதிகம். சொன்ன நீங்கள் ஆறுதல் சொல்லும் நிலைக்கு வந்துவிடுவீர்கள். அம்மாவிடம் சொல்லும் முன், ஏதாவது ஓர் அடி எடுத்து வைத்திருங்கள்: “டாக்டர்கிட்ட வியாழக்கிழமை போறேன்மா, அக்காவுக்கும் தெரியும்.” அவருடைய பதற்றத்துக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கும்.

கோபம். “இத்தனை நாள் ஏன் சொல்லலை?” கேட்க நிராகரிப்பு மாதிரி இருக்கும்; உள்ளே இருப்பது, தன்னை விலக்கி வைத்தார்களே என்ற வருத்தம். விளக்கம் சொல்லிக்கொண்டு போகாமல், “பயமா இருந்துச்சு. இப்ப சொல்லிட்டேன்” என்று முடியுங்கள்.

9. உண்மையிலேயே நிராகரித்தால்

இதன் அடையாளங்கள் வேறு. உங்கள் நிலைமையை விட்டுவிட்டு உங்களையே இழிவாகப் பேசுவது; அடுத்த சண்டையில் நீங்கள் சொன்னதை எடுத்து வீசுவது; பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்ட பிறகும் வெளியே சொல்வது; நீங்கள் இரண்டு முறை கூப்பிட்ட பின்னும் வாரக்கணக்கில் தவிர்ப்பது.

அந்த இடத்தில் செய்ய வேண்டியது, “இப்ப இதைப் பேச முடியலைன்னு தெரியுது. விடு” என்று சொல்லி நிறுத்துவது. சொன்னது பொய் என்று பின்வாங்க வேண்டாம். மன்னிப்பும் கேட்க வேண்டாம். கேட்டுவிட்டால் அடுத்த முறை உங்களுக்கே நா எழாது. அன்றிரவு நீண்ட மெசேஜ் எதுவும் அனுப்பாதீர்கள்; தோன்றுவதைப் பழைய தாளிலேயே எழுதுங்கள்.

மூன்று நான்கு நாளுக்குள் இரண்டாவது பெயரிடம் போங்கள், அதே மூன்று வரியோடு. தள்ளிப்போட்டால் “யார்கிட்ட சொன்னாலும் இப்படித்தான்” என்ற முடிவு இறுகிவிடும். சொந்தபந்தத்தில் யாரும் தோதுப்படவில்லை என்றால் மனநல ஆலோசகர் ஒருவரிடம் போகலாம். அங்கேயும் இதே தாளைக் கொண்டு போங்கள். முதல் சந்திப்பில் எங்கே தொடங்குவது என்ற திண்டாட்டம் இருக்காது.

10. மறுநாளும் அடுத்த சில வாரங்களும்

நன்றாகப் போன பேச்சுக்குப் பிறகும் மறுநாள் காலையில் “ஏன்டா சொன்னோம்” என்று கூசும். இதற்குத் தயாராக இருங்கள். அந்தக் கூச்சத்தில் ஆளைத் தவிர்த்தால், தன் பதிலில் ஏதோ தவறு என்று அவர் நினைத்துக்கொண்டு அவரும் விலகுவார். 24 மணி நேரத்துக்குள் ஒரு சிறு செய்தி அனுப்புங்கள்: “நேத்து கேட்டதுக்கு தேங்க்ஸ்க்கா. கொஞ்சம் லேசா இருக்கு.” விஷயத்தை மறுபடி விரிக்க வேண்டாம்.

அடுத்த இரண்டு மூன்று போன்களில் வழக்கமான பேச்சே பேசுங்கள்: பசங்க படிப்பு, ஊர் மழை, மாமாவின் முட்டுவலி. ஒவ்வொரு முறையும் கனமான பேச்சாகவே இருந்தால் உங்கள் எண்ணைப் பார்த்ததும் அவருக்குத் தயக்கம் வரும். புது மாற்றம் இருந்தால் ஒரு வரியில் சொல்லலாம். ராத்திரி முழிப்பு குறைந்திருக்கிறதா, டாக்டரைப் பார்த்தாயிற்றா என்பது போல.

சில நாளில் அவரும் தன்னுடையதை ஒன்றைச் சொல்லத் தொடங்கலாம். அப்போது அறிவுரை சொல்லத்தான் உங்களுக்கும் நாக்கு துறுதுறுக்கும். “கேட்டா போதுமா, இல்ல யோசனை வேணுமா?” என்று அவரிடம் கேட்டுவிட்டுப் பிறகு பேசுங்கள்.